முனீஸ்வரியின் பையும் என் கருவாடும்

உங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். சுவர் முழுக்க சார்ட் பேப்பர். அதிர்ச்சிக்கு உள்ளான குழந்தையின் அறிகுறிகள் ஒன்றில், அணுகுமுறைகள் இன்னொன்றில். ஒரு சார்ட்டில் மனித மூளையே இருந்தது. பார்க்க முட்டைக்கோஸ் போல இருந்தாலும் கீழே "மூளை" என்று எழுதியிருந்ததால் சிரமமில்லாமல் புரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இந்த மாதிரிப் பிள்ளை உங்க வகுப்புல இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அழும் மேடம்" என்றார் ஒருவர். "பேசாது மேடம்" என்றார் இன்னொருவர். "மூலையில உக்காந்திருக்கும் மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

என் வகுப்புக்கு வந்த பிள்ளை அழவில்லை. நன்றாகப் பேசினாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வகுப்பு நாறியது, அவ்வளவுதான்.

இதை அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருந்தீர்கள். அதனால் எழுதியே தருகிறேன். பஸ்ஸில் படியுங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் நல்லது, கதை கொஞ்சம் வாடை அடிக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் மாத்திருங்க டீச்சர்" என்றாள். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். "முனீஸ்வரின்னு வைங்க. எங்க தெருவுல அந்தப் பேருல ஏழெட்டுப் பேரு இருக்காக. யாருன்னு ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது" என்றாள். அன்றும் இன்றும் விவரமான பிள்ளைதான்.

பள்ளி ராஜபாளையத்தில், மில்கள் இருக்கும் பக்கம். என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் மாடவீதியில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும்: அங்கே ஒரு வீட்டில் பூண்டு உரித்தால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். இது கதைக்கு முக்கியம்.

அந்த வருடம் எனக்கு ஐந்தாம் வகுப்பு. ஆடிக்காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் ஏதோ ஒரு வாடை. அழுகின வாடை, கூடவே கந்தகம் மாதிரி ஒன்று. வேறு யாராவது ஆசிரியராக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். முட்டையே வாங்காத வீட்டில் பிறந்து, முட்டையே வாங்காத வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கெட்டுப்போன முட்டையின் வாடை எப்படித் தெரியும்? சாக்கடை என்று நினைத்தேன்.

தலைமையாசிரியர் வந்து மோந்து பார்த்தார். அவர் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர். சாதாரணமாக நல்ல தமிழ் பேசுவார், கோபமோ குழப்பமோ வந்தால் தாய்மொழிக்குப் போய்விடுவார். "ஏமி இதி?" என்றார், என்ன இது என்று. அலமாரிக்குப் பின்னால் எலி செத்திருக்கும் என்பது அவர் தீர்ப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தினோம். உடைந்த பூகோள உருண்டை ஒன்று கிடைத்தது, எலி கிடைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அதன்பிறகு இரண்டு வாடைகள் அடித்தன. பிள்ளைகள் கார்த்தி என்பவனின் சாக்ஸைச் சந்தேகப்பட்டார்கள். அவன் மறுநாள் வெறுங்காலோடு வந்து, பெஞ்சின்மேல் காலைத் தூக்கிக் காட்டித் தன் நேர்மையை நிரூபித்தான். வாடை போகவில்லை.

முனீஸ்வரி அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முன்பு தேவதானத்தில் படித்தவள். இப்போது அம்மாவோடும் தங்கையோடும் ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். தங்கை மாரி எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு. முனீஸ்வரி கதவை ஒட்டிய கடைசி பெஞ்சைத் தானாகவே பிடித்துக்கொண்டாள். பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டாள். காலை வணக்கத்தில் பை, விளையாட்டு நேரத்தில் பை, கழிப்பறைக்குப் போகும்போதும் பை.

"பெஞ்சுல வச்சிட்டுப் போயேன்டி" என்றால், "கனக்கல டீச்சர்" என்று சிரிப்பாள்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்று, ஒன்றாம் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். தங்கை வாயில் சோறு போவதைப் பார்த்த பிறகுதான் உட்காருவாள். நல்ல அக்கா என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வாடை நாளுக்கு நாள் கூடியது. அந்த வாரம் வியாழக்கிழமை ஜெபராஜ் அண்ணாச்சி பள்ளிக்கு வந்தார். பஜாரில் மளிகைக்கடையும் அதற்குப் பக்கத்திலேயே கருவாட்டுக்கடையும் வைத்திருப்பவர். அவர் மகள் ஷைனி என் வகுப்பில்தான் படித்தாள்.

"சார், எம் பிள்ள ரெண்டு நாளா சோறு முழுங்க மாட்டேங்கா. ஸ்கூல நெனச்சாலே குமட்டுதாம். நாத்தத்துல பொழங்குத ஆளு நானே சொல்லுதேன், இது நல்ல நாத்தம் இல்ல" என்றார்.

தலைமையாசிரியருக்கு அது கௌரவப் பிரச்சினை. அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு நேராக என் வகுப்புக்கு வந்தார். "எல்லாரும் பையைப் பெஞ்சு மேல வைங்க. ஜிப்பைத் திறங்க" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பம்பரம் வந்தது. பாதி கடித்த கொய்யாக்காய் வந்தது. வகுப்பில் காணாமல் போன ரப்பர்கள் அத்தனையும் ஒரே பையிலிருந்து வந்தன. கார்த்தியின் தீப்பெட்டியிலிருந்து ஓர் உயிருள்ள பொன்வண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், கடைசி பெஞ்சைப் பார்க்கும்வரை.

முனீஸ்வரி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். கதவைப் பார்த்தாள். அங்கே அண்ணாச்சி நின்றார். ஜன்னலைப் பார்த்தாள். கம்பி. மறுபடி கதவைப் பார்த்தாள். உதடு வெளுத்துவிட்டது. மூச்சு மேலேயே நின்று நின்று போனது. அகப்பட்டுக்கொண்ட பிள்ளையின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருட்டு முழி என்பார்களே, அதில் ஒரு கணக்கு ஓடும், என்ன பொய் சொல்லலாம் என்று. இதில் அந்தக் கணக்கே இல்லை. அவள் எங்கள் வகுப்பறையிலேயே இல்லை என்று தோன்றியது.

தலைமையாசிரியர் அதற்கு இரண்டு பெஞ்ச் முன்னால் வந்துவிட்டார்.

பையில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. நாற்பது பிள்ளைகள் முன்னால் அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். பட்டப்பெயர் வைப்பதில் காட்டும் சாமர்த்தியத்தில் பாதியை நம் பிள்ளைகள் கட்டுரையில் காட்டினால் நாம் எல்லோரும் விருது வாங்கியிருப்போம். எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர் போகாது. அது போகட்டும், அந்த முகத்தோடு இருக்கும் பிள்ளையின் கையிலிருந்து எதைப் பிடுங்கினாலும் பிறகு அவள் என் வகுப்புக்குத் திரும்பி வரமாட்டாள் என்று பட்டது.

"சார், நிறுத்துங்க. நாத்தம் என் பையில இருந்து வருது" என்றேன்.

தலைமையாசிரியர் திரும்பினார். "உங்க பையிலயா? என்ன இருக்கு?"

யோசித்து வைத்துக்கொண்டு பொய் சொல்பவர்களுக்குத்தான் பதில் தயாராக இருக்கும். எனக்கு மூளை காலி. எதிரே ஜெபராஜ் அண்ணாச்சி நின்றார். அவரைப் பார்த்ததும் வாயில் வந்தது அதுதான்.

"கருவாடு" என்றேன்.

ஆடிக்காற்றுகூட நின்றுவிட்டது. மாடவீதி டீச்சர், புரட்டாசி சனிக்கிழமை என்றால் பட்டினி கிடக்கிற டீச்சர், பையில் கருவாடு. தலைமையாசிரியர் தெலுங்கிலும் பேசவில்லை, தமிழிலும் பேசவில்லை.

"பக்கத்து வீட்டுக்கு வாங்கினேன்" என்று சமாளித்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். இதை அங்கிருந்த யாரும் நினைவுபடுத்தவில்லை, அதுவரை பிழைத்தேன்.

அண்ணாச்சிதான் விடவில்லை. தொழில்காரர் அல்லவா? "எந்தக் கடையில வாங்குனீக டீச்சர்? நம்ம கடைக்கு வரலையே?"

"அது... வத்திராயிருப்புல."

"வத்திராயிருப்புலயா? அங்க போறவன்லாம் மாங்கா வாங்கிட்டு வருவான். நீங்க கருவாடு வாங்குனீகளா? என்ன கருவாடு?"

எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். "நெத்திலி."

"நெத்திலி இப்படி நாறாதே டீச்சர்" என்றார், உண்மையான அக்கறையோடு. "உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் எங்கே போய்ப் போய் வருகிறது என்று பார்த்திருக்கவேண்டும். கடைசி பெஞ்சை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சரி, சரி. டீச்சர், இனிமே இந்த மாதிரிச் சாமான் எல்லாம் ஸ்கூலுக்குக் கொண்டு வராதீங்க. அண்ணாச்சி, வாங்க, டீ சாப்பிடுவோம்" என்று அவரைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

இனிதான் கஷ்டமான பகுதி. காப்பாற்றியாகிவிட்டது. அடுத்து என்ன? நீங்கள் சார்ட்டில் "நம்பிக்கையை வளர்த்தல்" என்று ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள். பெட்டிக்குள் ஒன்றும் எழுதவில்லை. தெரியாமல் விட்டீர்களோ, பேனா தீர்ந்துவிட்டதோ.

மணியடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும், "என் பையைக் கழுவணும், தண்ணி அடிச்சுத் தாரியா?" என்று முனீஸ்வரியைக் கேட்டேன். பள்ளிக்குப் பின்னால் அடிபம்பு ஒன்று உண்டு. பையோடுதான் வந்தாள். நான் என் பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின்மேல் வைத்தேன். மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, தயிர்சாத டப்பா, கோயில் துளசி, பஸ் டிக்கெட்டுகள். அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"கருவாட்டக் காணமே டீச்சர்" என்றாள்.

"ஆமா" என்றேன். பையை அலசினேன். அவள் பம்பை அடித்தாள். நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குத்தான் தெரியும். பகல் முழுக்கக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லவா நாம்?

செத்த நேரம் கழித்து அவளே கீழே உட்கார்ந்து, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் கவர் வைத்துச் சுற்றியிருந்தாள். சத்துணவில் கொடுத்த அவித்த முட்டைகள். அன்றைக்குக் கொடுத்ததும் இருந்தது, என்றைக்கோ கொடுத்ததும் இருந்தது. ஒன்று நசுங்கி, கணக்கு நோட்டெல்லாம் பாழ்.

"யாருக்கு இது?"

"தங்கச்சிக்கு."

"மாரிக்குத்தான் தெனம் ஒரு முட்ட குடுக்காங்களே, அவ சாப்பிடுதாளே?"

முனீஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பொறுமை இருந்தது. வகுப்பில் மந்தமான பிள்ளையிடம் நான் காட்டும் அதே பொறுமை.

"அது இன்னைக்கு டீச்சர்" என்றாள்.

அழுகியதைத் தூரப் போடவேண்டும் என்றேன். தலையாட்டினாள். ஆனால் அன்றைய முட்டையை மட்டும் எடுத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இது நாத்தம் வராது. நாளைக்கு மாத்திருவேன்" என்றாள். சரி என்றேன். மற்றதை இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். எனக்கு வாந்தி வந்ததை அவள் பார்க்காதமாதிரி இருந்தாள். நல்ல மனசு.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கு முன்பே கருவாடு மாடவீதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து இன்னொரு ஆசிரியையும் அதே பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் கையில் செல்போனும் இருந்தது. வாசலில் என் நாத்தனார் நின்றார்.

"வேதா, கேள்விப்பட்டது நிஜமா?"

"நிஜம்தான் அக்கா."

"முதல்ல போய்க் குளி. அந்தப் பையை உள்ள கொண்டு வராதே."

என் கணவர் இரவுச் சாப்பாடுவரை ஒன்றும் கேட்கவில்லை. மோர் ஊற்றும்போது, "ஒரு சந்தேகம், நெத்திலின்னா என்ன?" என்றார். எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனாருக்குப் போகும், நாத்தனாருக்குப் போனால் அந்த ஆசிரியைக்குப் போகும், மறுநாள் காலை மணியடிக்கும் முன் முனீஸ்வரியின் பையில் என்ன இருந்தது என்று பள்ளிக்கே தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருபவர்கள் என்னைக் கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். உங்கள் பயிற்சியில் இதற்கும் ஒரு சார்ட் போடலாம்.

மறுநாள் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டார். "கடைசி ரெண்டு பெஞ்சு நான் பாக்கல டீச்சர். பாக்கணுமா?"

"வேண்டாம் சார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் நாங்கள் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகும் பேசினோம். ஆனால் நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். முனியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி வீட்டு முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலில் கம்பி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. நான் முட்டை விஷயத்தைச் சொன்னதும் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். பிறகு, தானே சொன்னாள்.

தேவதானத்தில் அவர்கள் இருந்தது ஊரைத் தள்ளித் தோட்டத்தை ஒட்டிய வீடு. புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், போன் வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இவள் மில்லுக்கு இரவு ஷிப்ட் போவாள். போகும்போது பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாள். "பத்திரத்துக்குத்தான் டீச்சர் பூட்டுனேன். வேற என்ன செய்ய?" என்றாள். ஒருநாள் மில் வேன் கவிழ்ந்துவிட்டது. இவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளின் சித்தி அலறியடித்துக்கொண்டு மதுரைக்குப் போனாள், பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து. அக்கம்பக்கத்தார், சித்தி வந்து கூட்டிப்போயிருப்பாள் என்று நினைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோருமே பிள்ளைகளைப் பற்றி நினைத்தார்கள், அடுத்தவரிடம் இருப்பதாக.

இரண்டு நாள் கழித்து முனியம்மாளுக்கு நினைவு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "கதவ யாரு தொறந்தா?" என்பது. அப்போதுதான் சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் போய்ப் பூட்டை உடைத்தபோது, மாரி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது, அவ்வளவு கத்தியிருக்கிறாள். வீட்டில் சோறு மிஞ்சியிருக்கவில்லை. பூட்டிய அன்று பகலில் பள்ளியில் கொடுத்த ஒரு முட்டை அவள் பையில் இருந்தது. அதைக் கிள்ளிக் கிள்ளித் தங்கைக்குக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் முனீஸ்வரி கையில் ஒரு துண்டு மிஞ்சி இருந்ததாம். தின்னவில்லை. "நாளைக்கு வேணும்லா" என்றாளாம் சித்தப்பாவிடம், குரல் வராமல்.

அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது முனீஸ்வரி தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பையோடு.

இப்போது உங்கள் கண்கள் கலங்கியிருக்கும். கலங்கட்டும். ஆனால் கண் கலங்கியதும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், எதையாவது வாங்கிக்கொடுப்பது. நானும் செய்தேன். முட்டைக்குப் பதிலாக பிஸ்கட் பாக்கெட் கொடுத்தேன். மறுநாள் அவள் பையிலிருந்து எறும்புகள் அணிவகுத்து, பெஞ்ச் வழியாக, ஷைனியின் பாவாடைவரை போயின. அடுத்து எங்கள் ஊர்ப் பெருமை என்று பால்கோவா கொண்டுபோனேன். முனீஸ்வரி அதை வாங்கி, மோந்து பார்த்து, "இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும் டீச்சர்?" என்று கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். இரண்டு மூன்று நாள் என்றேன். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு யோசனை வந்தது. ஒரு பெரிய டப்பா நிறையப் பொரிகடலையும் கடலைமிட்டாயும் வாங்கி வகுப்பு அலமாரியில் வைத்து, "இது எப்பவும் இங்க இருக்கும். நீ சுமக்க வேண்டாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பள்ளி முடிந்து நான் வழக்கம்போல அலமாரியைப் பூட்டினேன். பூட்டு விழுந்த சத்தத்தில் அவள் திரும்பினாள். பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அலமாரி எங்களைப் பொறுத்தவரை அலமாரி. அவளைப் பொறுத்தவரை, சாப்பாடு ஒருபக்கம் அவள் ஒருபக்கம், நடுவில் பூட்டு.

தலைமையாசிரியரிடம் போய், என் அலமாரிக்கு இனிப் பூட்டு வேண்டாம் என்றேன்.

"பூட்டாம வச்சா எலி திங்கும். எலிய விட நம்ம பிள்ளைங்க திங்கும்" என்றார்.

"தின்னட்டும் சார்."

"ஏமோ... உங்க இஷ்டம்" என்றார். சாவியை வாங்கி அவர் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

டப்பாவை வெளியே ஜன்னல் மேடையில் வைத்தேன். ஒருத்திக்கு மட்டும் என்றால் கண்ணைக் குத்தும் என்பதால், பசிக்கிறவர் யாராக இருந்தாலும் எடுக்கலாம் என்றேன். என் வகுப்பில் அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே பசித்தது. இடைவேளைக்குள் டப்பா துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. முனீஸ்வரி காலி டப்பாவின் முன்னால் நின்றாள். அன்று மதியம் முட்டை மறுபடி பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கார்த்தியைத் திட்டியிருப்பீர்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் திட்டி, ஒரு ஆளுக்கு ஒரு பிடி என்று சட்டம் போட்டு, லீடர் வைத்துக் காவல் காத்தால் அதுவும் ஒரு பூட்டுத்தானே? ஒன்றும் சொல்லாமல் மறுநாள் நிரப்பினேன். காலி செய்தார்கள். அதற்கு மறுநாளும் நிரப்பினேன். அதையும் காலி செய்தார்கள். ஒரு வாரம் போனதும் பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. எப்போதும் இருப்பதைப் பறித்துத் தின்பதில் என்ன ருசி? டப்பா பாதியோடு நிற்க ஆரம்பித்தது.

எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நிறைந்த டப்பாவைக் காட்டி அவளை நம்பவைக்க முடியாது. அவள் வீட்டிலும் ஒருகாலத்தில் சோற்றுப்பானை நிறைந்துதான் இருந்தது. காலியான டப்பா மறுநாள் நிரம்புவதை அவள் பார்க்கவேண்டியிருந்தது. ஒருதரம் அல்ல, பலதரம். என் வகுப்புக் கொள்ளைக்கூட்டம் தெரியாமலேயே அந்த உதவியைச் செய்தது.

நடுவில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். நிரப்ப ஆளில்லையே என்று படுக்கையில் கிடந்து தவித்தேன். திரும்பிப் போனபோது டப்பா வழிய வழிய இருந்தது. ஷைனி வீட்டில் போய், "டீச்சருக்குக் காய்ச்சல், டப்பா காலி" என்று சொல்லியிருக்கிறாள். ஜெபராஜ் அண்ணாச்சி எதற்கு ஏன் என்று கேட்காமல் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நன்றி சொல்லப் போனேன். "அத விடுங்க டீச்சர். நல்ல நெத்திலி வந்திருக்கு, கட்டட்டுமா?" என்றார். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த மனிதர் என்னைப் பஜாரில் எங்கே பார்த்தாலும் இதைத்தான் கேட்டார்.

முட்டை பையிலிருந்து என்றைக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால், மதியம் தட்டிலேயே வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கருவைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, எல்லாப் பிள்ளைகளையும்போல.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பள்ளி விடும் நேரத்தில் மழை கொட்ட ஆரம்பித்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக வந்து கூட்டிப்போனார்கள். முனீஸ்வரியையும் மாரியையும் வழக்கமாகச் சித்தி வந்து கூட்டிப்போவாள். அன்றைக்குச் சித்திக்கு வேலை என்று முனியம்மாள் தானே வருவதாகச் சொல்லியிருந்தாள். கட்டிலைவிட்டு எழுந்து கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்துக் கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் போயாகிவிட்டது. நாங்கள் மூன்று பேர்தான் வகுப்பில். மாரி பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் வராந்தாவுக்குப் போவதும் தெருவைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். இந்த மழையில், அந்தக் காலோடு, எங்காவது வழுக்கி விழுந்திருந்தால்? போன் போட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. முனீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி அந்த வெளுத்த உதட்டைப் பார்க்க நேருமோ என்று.

"டீச்சர்" என்றாள். "செத்த உக்காருங்க. அம்மா வந்துரும்."

"மழையா இருக்கேடி."

"மழைன்னா மெதுவா வரும்." வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நீங்க போயி பஸ்ஸப் பிடிங்க. தங்கச்சிய நான் பாத்துக்கிடுதேன்."

நான் போகவில்லை. உட்கார்ந்தேன். அவள் எழுதினாள்.

இருட்டுவதற்குள் முனியம்மாள் வந்துவிட்டாள். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் குடை, சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. போன் நனையாமலிருக்கக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாளாம், எடுக்க முடியவில்லை. வராந்தாவில் அவள் கால் வைத்ததுதான் தாமதம், முனீஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எம்புட்டு நேரம்மா! மெதுவா நடக்குத ஆளு முன்னாடியே கிளம்ப வேண்டாமா? இங்க பாரு, டீச்சருக்குப் பஸ்ஸு போயிருச்சு! போன எதுக்கு வச்சிருக்க, பொட்டலம் கட்டவா?"

நான் பதறிப்போய், "ஏட்டி, அம்மாவ அப்படிப் பேசாத" என்றேன். முனியம்மாள் கையைக் காட்டி என்னைத் தடுத்தாள். மழைத் தண்ணீரா வேறு எதுவுமா தெரியவில்லை, முகம் நனைந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க டீச்சர், ஏசட்டும்" என்றாள். "ஆஸ்பத்திரில இருந்து நான் வந்ததுல இருந்து இவ என்னைய ஒரு வார்த்த எதுத்துப் பேசல. கண்ணாடிச் சாமானப் பாக்க மாதிரி பாத்துக்கிட்டே இருப்பா. இன்னைக்குத்தான் எம் பிள்ள எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்கா."

மாரியை எழுப்பினோம். மூன்று பேரும் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினார்கள். முனீஸ்வரி குடையைப் பிடித்திருந்தாள். வாய் ஓயவில்லை. தெருமுனை திரும்பும்வரை அந்த ஏச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.